குத்தகை வயல் மூழ்கியும் நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை

பட்டா உரிமையாளர் பெயரில் இருப்பதால்தான் விடுபட்டது என்று விட்டுவிடாதீர்கள். பயிரிட்டவர் யார் என்பதற்கு அடங்கல்தான் (எந்த வயலில் யார், என்ன பயிரிட்டார் என்று எழுதும் கிராமப் பதிவேடு) ஆதாரம். அதிலும் உரிமையாளர் பெயரே ஓடிக்கொண்டிருக்கும், பல ஊர்களில் இதே கதை.

விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) இந்தப் பசலி, அதாவது ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்த் துறை ஆண்டின், அடங்கலைக் கேளுங்கள். உங்கள் புல எண்ணுக்கு நேரே சாகுபடியாளர் பெயர், பயிர் இரண்டையும் பாருங்கள். கணக்கெடுப்பில் சேதம் எத்தனை சதவீதம் என்றும் விசாரியுங்கள்; 33-க்குக் கீழே என்றால் பெயர் சரியாக இருந்தும் பணம் வராது. தவறு இருந்தால் தாசில்தாரிடம் மனு, மூழ்கிய வயல் படம், உர ரசீதோடு. ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2022-26 மத்திய விதிமுறையில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைதான் (ஏக்கருக்கு 6,900கூட இல்லை). மாநில அரசு கூட்டித் தருவதுண்டு. பயிர்க் காப்பீடு தனி. பிரீமியம் கட்டியிருந்தால் மட்டுமே.