கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு யாருக்கு வர வாய்ப்பு அதிகம்?

ஐந்து மாதக் கர்ப்பிணியான உங்கள் தங்கை யாரோடும் பேசாமல் படுத்தே கிடப்பது மசக்கையா, மனச்சோர்வா, அது யாருக்கு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பென்னாகரம் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முன்பு எப்போதாவது அவருக்கு மனச்சோர்வு இருந்ததா என்பதை முதலில் விசாரியுங்கள். ஒருமுறை வந்தவருக்குக் கர்ப்பத்தில் அது திரும்பும் வாய்ப்பு அதிகம். குழந்தைக்கு ஆகாதென்று பயந்து, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் இருந்திருப்பதும், முன்பு கரு கலைந்திருப்பதும் கணக்கில் சேரும்.

ஆனால் தருமபுரிப் பக்கத்தில் நான் அதிகம் கண்ட காரணங்கள் வீட்டுக்குள்தான் இருந்தன. கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் புகுந்த வீட்டில் தனித்துப்போன இளம்பெண்கள், குடித்துவிட்டு வரும் கணவரிடம் அடி வாங்குபவர்கள், கடன் நெருக்கடியில் எதிர்பாராமல் கருவுற்றவர்கள் எனப் பலர். இவற்றைவிடக் கொடியது, முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்த வீட்டில் இரண்டாவது கர்ப்பத்தின்மீது விழும் எதிர்பார்ப்பு. ஏழாம் மாதத்திலும் எடை கூடாத ஒரு பெண்ணிடம், மாமியார் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டேன். "இதுவும் பொண்ணாப் பொறந்தா எங்கம்மா வீட்டுக்கே அனுப்பிடுவாங்கக்கா" என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் அலமாரியில் பிரிக்காமலே இருந்தன. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணுதான் என்று அந்த மாமியாரிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மசக்கை பெரும்பாலும் நான்கு, ஐந்து மாதங்களுக்குள் தணிந்துவிடும். அழுகையும் தூக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மசக்கை என்று விட்டுவிடக் கூடாது. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதேபோன்ற சோர்வைத் தருமென்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற, அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன, பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது. செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலும், தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.