ஈரோட்டு விரலியும் ஆலப்புழை விரலியும்

கேள்வி: அம்மா ஈரோட்டிலிருந்து அனுப்பும் விரலி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிர் மஞ்சளாக இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் ஆலப்புழை மஞ்சள் என்று வாங்கியதோ ஆரஞ்சுக்கு நெருங்கிய நிறம். ஈரோட்டு மஞ்சளில் மருந்துச் சத்து குறைவா? அம்மா அனுப்பும் விரலியை எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் நட்டால் அதே குணம் கிடைக்குமா?
– ஈசூன் வாசகி

பதில்: பொடியில் நிறம் கலப்பவர்கள் உண்டு என்பதால், விரலியை உடைத்துப் பார்த்தது நல்லதாயிற்று. அந்த நிறத்தைத் தருவது குர்குமின்; மருந்துச் சத்து என்று பேசப்படுவதும் அதுவே. ஈரோட்டு மஞ்சளில் அது பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு. ஆலப்புழை மஞ்சளில் 5க்கு மேல். மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் 7ஐத் தாண்டுவதும் உண்டு. ஆனால் குழம்பில் போடும் ஒரு கிராம் பொடியில் 30 மில்லிகிராமா 50 மில்லிகிராமா என்பதே இங்கு வேறுபாடு; அதிலும் குடல் உறிஞ்சிக்கொள்வது சொற்பம். மணமோ நறுமண எண்ணெயைப் பொறுத்தது. அதை நிறத்தைக் கொண்டு அளக்க இயலாது.

இந்த வேறுபாட்டை மண்ணின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. எவ்வளவு குர்குமின் சேரலாம் என்பதற்கு முதலில் எல்லை வகுப்பது ரகம். அந்த எல்லைக்குள் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குபவை மண், மழை, வெயில், அறுவடைக் காலம், அவித்து உலர்த்தும் முறை ஆகியவை. இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களில்தான் மண்ணின் பங்கு நேரடியாகத் தெரியும். ஊர்ப்பெயரும் சில வேளைகளில் வணிகப் பெயரே: ஆலப்புழை மஞ்சள் பெரிதும் விளைந்தது தொடுபுழை, மூவாற்றுப்புழைப் பக்கம், கப்பலேறிய துறைமுகத்தின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

அம்மா அனுப்புவது அவித்து உலர்த்திய விரலி என்பதால், அதை நட்டால் முளைக்காது. பச்சைக் கிழங்குதான் வேண்டும். ஈரோட்டில் எட்டு ஒன்பது மாதத்தில் இலை காய்ந்து சாய்ந்ததும் கிழங்கை வெட்டி எடுப்பார்கள். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் சிங்கப்பூரில் இலை அவ்வளவு எளிதில் காயாது. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழும் தாழ்வாரத்தில் கிழங்கும் பெருக்காது. இலை தாராளமாகக் கிடைக்கும். ரெண்டாங் என்னும் இறைச்சிக் கறி சமைக்கும் மலாய் அண்டைவீட்டார் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.