எலெக்ட்ரிக் குக்கர் வாங்கினால் கேஸ் காசு மிச்சமா? ஈபி ரீடிங்கைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்

கேள்வி: பெரம்பூரில் சொந்த ஃபிளாட். வீட்டில் நான்கு பேர். ஒரு சிலிண்டர் 40 நாள் வருகிறது. ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு 430 யூனிட். ஏசி ஓடும் கோடையில் 640 வரை போகிறது. 8,000 ரூபாய்க்கு 6 லிட்டர் எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் பார்த்து வைத்திருக்கிறேன். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் தருகிறார்கள். கேஸில் மிச்சமாகிற காசே தவணைக்குப் போதும் என்கிறார் கணவர். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார், தான் வைத்திருப்பதையே கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். நான் காலை 7.30க்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். வாங்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வாங்கலாம். ஆனால் கேஸ் மிச்சமாகும் என்பதற்காக வாங்காதீர்கள். அந்தக் கணக்கு உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் சென்னையில் 2025 ஏப்ரலில் 868.50 ரூபாய் ஆனது. அந்த விலைக்கு ஒரு கிராம் கேஸ் சுமார் 6.1 பைசா. உங்கள் கடைசி பில்லில் வேறு விலை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பர்னரை முழுத் தீயில் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 3 கிராம் போகும். சிம்மில் ஒரு கிராமுக்கும் குறைவு. குக்கரில் ஒருமுறை பருப்போ சோறோ வைத்து இறக்க, 10 நிமிடம் முழுத் தீ, பிறகு 15, 20 நிமிடம் சிம் என்றால் 45 கிராம். நாளைக்கு இரண்டு தடவை, 60 நாளைக்கு 5.4 கிலோ. பணமாக 330 ரூபாய்.

இப்போது கரன்ட். 1,000 வாட் குக்கர் பிரஷர் ஏறும்வரை 12 நிமிடம் போல முழுசாக இழுக்கும். அதற்குப் பிறகு விட்டுவிட்டுத்தான் எரியும், ஏனென்றால் அதில் விசில் இல்லை, ஆவி வெளியே போவதில்லை, பிடித்த சூடு உள்ளேயே நிற்கிறது. ஒரு தடவைக்கு 0.3 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். அதே 60 நாளைக்கு 36 யூனிட்.

36 யூனிட்டுக்கு என்ன விலை என்பதுதான் கேள்வியே. 2024 ஜூலையில் மாறிய வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐத் தாண்டினால் 8.40, 600ஐத் தாண்டினால் 9.45. புதிதாக வாங்குகிற எந்தப் பொருளும் இந்தப் படிக்கட்டின் அடியில் போய் உட்காராது. நீங்கள் ஏற்கெனவே நிற்கும் படிக்கு மேல்தான் உட்காரும்.

நீங்கள் 430இல் நிற்கிறீர்கள். 36 யூனிட்டுக்கு 6.30 வீதம் 227 ரூபாய். கேஸில் 330 மிச்சம், ஈபியில் 227 கூடுதல். கையில் நிற்பது 103 ரூபாய், அதுவும் இரண்டு மாதத்துக்கு. கோடையில் 640இல் இருக்கும்போது அதே 36 யூனிட்டுக்கு 340 ரூபாய் கட்ட வேண்டும். பத்து ரூபாய் கைநட்டம். நான்கு பில் இப்படி, இரண்டு பில் அப்படி என்று வருடம் முழுக்கக் கூட்டினால் மிச்சம் 400 ரூபாயைத் தொடாது. 8,000 ரூபாய் திரும்பி வர இருபது வருடம் ஆகும். அதுவரை எந்த எலெக்ட்ரிக் குக்கரும் உழைக்காது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 101 முதல் 200 வரை 4.70க்குப் பதில் 2.35 என்ற பாதிக் கட்டணச் சலுகை, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ஒரு பில்லில் 480 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 36 சேர்ந்து 516 ஆனால், சலுகை போய் 235 ரூபாய் தனியாக ஏறும். கூட்டிப் பார்த்தால் அந்த 36 யூனிட்டுக்கு 495 ரூபாய். மார்ச், அக்டோபர் போல ஏசி பாதி நாள் ஓடும் மாதங்களில் உங்கள் ரீடிங் 464ஐத் தாண்டுகிறதா என்று பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். தாண்டினால் அந்த இரண்டு மாதமும் பழைய குக்கரே போதும்.

‘வாங்கினவர்கள் எல்லாம் கேஸ் மிச்சம் என்கிறார்களே’ என்று கேட்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் 40 நாள் வரும் சிலிண்டர் 53 நாள் வரும். அது கண்ணுக்குத் தெரிகிறது. ஈபியில் ஏறுகிற தொகை ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி கணக்கோடு கரைந்துவிடுகிறது. அதனால்தான் லாபம்போல் தெரிகிறது.

கணக்கு நிஜமாகவே ஒத்துவரும் வீடுகளும் உண்டு. ஈபி 200 யூனிட்டுக்குள் அடங்கும் கணவன், மனைவி மட்டும் உள்ள வீட்டில், இதே அளவு சமைத்தால் வருடத்துக்கு 1,400 ரூபாய்க்கு மேல் நிற்கும். ஆனால் வீட்டு ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 9 ரூபாய் வாங்குகிற வாடகை வீடு என்றால் அந்த லாபமும் கிடையாது.

இஎம்ஐ வேண்டாம். வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியை வங்கி உங்களிடம்தான் வாங்கும். பிராசஸிங் கட்டணம் 199 ரூபாய் என்றால் அதற்கும் ஜிஎஸ்டி. 8,000 ரூபாய்க்கு ஆறு மாதத் தவணையில் இவை மட்டுமே 300 ரூபாயை நெருங்கும். குக்கர் ஒரு வருடத்தில் மிச்சம் பிடிப்பதில் முக்கால்வாசி அங்கேயே போய்விடும். மாதம் 1,500 ரூபாய் எடுத்து வையுங்கள். ஆறாவது மாதம் ரொக்கமாக வாங்கலாம், விலையும் பேசலாம்.

நாத்தனார் கொண்டுவருவதை அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே சொருகினால் ஹீட்டர் வழக்கமானதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் இழுத்து, போர்டோடு சேர்ந்து கருகும். 230 வோல்ட்டை 120 ஆக இறக்கித் தரும், 1,500 வாட் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓட்டலாம்தான். அதற்குத் தனிச் செலவு, மேடையில் தனி இடம், அதுவே கல் மாதிரி கனக்கும். பழுதானால் இங்கே பார்ட்ஸும் கிடைக்காது.

பிறகு எதற்காக வாங்கலாம் என்றேன்? உங்கள் காலை நேரத்துக்காக. இது வேகமாகச் சமைக்காது. அந்த எதிர்பார்ப்போடு வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அடுப்புக் குக்கரில் பிரஷர் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை போகும். இதில் பெரும்பாலும் 10 முதல் 12தான், அதனால் உள்ளே சூடும் சில டிகிரி குறைவு. துவரம்பருப்புக்குப் பிரஷர் ஏற 12 நிமிடம், வேக 8 முதல் 10 நிமிடம், தானாக அடங்க 10 நிமிடம் ஆக அரை மணி நேரம். ஆனால் அந்த அரை மணி நேரம் விசில் எண்ண வேண்டாம், சிம் வைக்க ஓடிவர வேண்டாம். குளிக்கலாம், பிள்ளைகளைக் கிளப்பலாம். விலையை ஐந்து வருடத்துக்குப் பிரித்து, மிச்சமாகும் 400ஐக் கழித்தால் வருடத்துக்கு 1,200, அதாவது மாதம் 100 ரூபாய். காலை அரை மணி நேரத்துக்கு மாதம் 100 ரூபாய் கொடுக்க மனம் ஒப்புகிறதா என்பதுதான் நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டியது. வேலைக்குப் போகும் பெண் வீட்டில் அந்த நேரத்துக்கு விலை உண்டு, அதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

அதுவரை கையில் இருக்கும் குக்கரிலேயே செலவைக் குறைக்க வழி இருக்கிறது. பருப்பை அரை மணி நேரமும் கொண்டைக்கடலையை எட்டு மணி நேரமும் ஊற வையுங்கள். முதல் விசில் வந்ததும் சிம்முக்கு மாற்றுங்கள். முழுத் தீயில் ஐந்து விசில் விடுவது என்பது ஐந்து தடவை கேஸைக் கொளுத்தி ஆவியாக வெளியே அனுப்புவது. விளிம்பில் ஆவி கசிந்தால் கேஸ்கட்டை மாற்றுங்கள்.

வாங்கும்போது உள் பாத்திரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மூடியில் கேஸ்கட் போல இருக்கும் சிலிக்கான் ரிங் தனியாகக் கிடைக்கிறதா, சர்வீஸ் சென்டர் சென்னையில் இருக்கிறதா, வாரன்டி முடிந்தபின் கன்ட்ரோல் போர்டு என்ன விலை என்ற மூன்றையும் கேளுங்கள். ரிங் இரண்டாக வாங்குங்கள். சாம்பார் வாசனை அதில் ஏறிவிட்டால் பாயசத்திலும் அது வரும். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் நேராகச் சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 1,000 வாட்டைத் தாங்காது என்பதால் கரன்ட் போனால் அடுப்புதான் துணை. பழைய குக்கரைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழக்கத்தில் மாற வேண்டியது தண்ணீர். ஆவி வெளியேறாததால் அடுப்புக் குக்கர் அளவில் ஊற்றினால் சோறு குழைந்துவிடும். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை, புழுங்கலரிசிக்கு இரண்டு டம்ளரில் தொடங்கி உங்கள் அரிசிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பருப்பு, கடலைக்குப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கி வால்வை அடைக்கும். தக்காளி, மசாலா வதக்கிய அடியைத் தண்ணீர் விட்டுச் சுரண்டாமல் மூடினால் அடிபிடித்து, மிஷின் தானாக நின்றுவிடும். இரவே அரிசியைப் போட்டு டைமர் வைக்கலாம் என்பார்கள். சென்னை மே மாதப் புழுக்கத்தில் விடிவதற்குள் அது புளித்திருக்கும்.

வந்த அன்றே மூன்று டம்ளர் வெறும் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் பிரஷரில் ஓட விடுங்கள். மூடியில் இருக்கும் சின்ன ஃப்ளோட் வால்வ் மேலே எழும்பி நிற்க வேண்டும், விளிம்பில் ஆவி கசியக் கூடாது. கசிந்தால் ரிங்கை ஒருமுறை சரியாக அமுக்கி உட்கார வைத்துப் பாருங்கள். அப்போதும் கசிந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.