பேய்ப்பட டிஸ்க்கும் பழைய காமிக்ஸும்: வாங்குறதுக்கு முன்னாடி

பழைய அமெரிக்க ஹாரர் காமிக்ஸ்ல இருந்து வந்த குட்டிக்கதைப் படங்களைப் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல காசு போன கதைதான். சுருக்கிப் போட்டிருக்கேன்.

இந்த வகைப் படம் ஒண்ணுகூட பார்த்ததில்ல. முதல்ல எதை வாங்கலாம் அண்ணா? (கோவை)

‘க்ரீப்ஷோ’, 1982. ஸ்டீபன் கிங் எழுதி ஜார்ஜ் ரொமேரோ எடுத்தது, அஞ்சு கதை, ரெண்டு மணி நேரம். 1950கள்ல ஈசி காமிக்ஸ்னு ஒரு கம்பெனி 10 சென்டுக்கு வித்த ஹாரர் புத்தகங்களைப் படிச்சு வளர்ந்த ரெண்டு பேர் அதே மாதிரி பண்ணிப் பார்த்த படம் தம்பி, கட்டம், கலர், தலைப்பு எல்லாமே காமிக்ஸ் பக்கம் மாதிரியே வரும்.

அது பிடிச்சுதுன்னா 1972ல பிரிட்டன்ல அமிகஸ் கம்பெனி எடுத்த ‘டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்’. அதுல கடைசிக் கதை ஒண்ணு போதும். கண்ணு தெரியாதவங்க தங்கியிருக்கிற விடுதிக்கு ஒரு புது அதிகாரி வர்றான், சாப்பாட்டையும் கணப்பையும் குறைச்சு மிச்சம் பிடிச்சு தான் மட்டும் நல்லா சாப்பிடுறான், குளிர்ல ஒருத்தர் செத்தே போறார். அப்புறம் அவங்க எல்லாரும் சேர்ந்து பொறுமையா ஒரு சந்து கட்டுறாங்க. ரெண்டு பக்கச் சுவர்லயும் வரிசையா சவரப் பிளேடு, சந்து போகப் போகக் குறுகும், அவன் உள்ள போனதும் லைட்ட அணைச்சிடுறாங்க. ஏமாத்தினவனுக்கு அதே அளவுல திரும்பக் கிடைக்கும், ஈசி கதைங்க பெரும்பாலும் இப்படித்தான். எனக்கு இந்தப் படங்கள் பிடிச்சதே அதுக்காகத்தான்.

அமெரிக்காவுல இருந்து 3,400 ரூபாய்க்கு ப்ளூரே வரவழைச்சேன். என் ப்ளேயர்ல ஓடல. கடைக்காரர் பணம் தர மாட்டேங்குறார், விற்பனைப் பக்கத்துல ‘ரீஜன் ஏ’ன்னு போட்டிருக்காராம். (சேலம்)

போட்டிருக்காருன்னா அவர் மேல தப்பு இல்ல. ரீஜன்னா எந்தப் பகுதி ப்ளேயர்ல டிஸ்க் ஓடும்ங்கிற பூட்டு: ப்ளூரேக்கு அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. டிவிடிக்கு அமெரிக்கா 1, நமக்கு 5. இதை இந்தப் பகுதியில நான் எத்தனையாவது தடவை எழுதுறேன்னு எனக்கே தெரியல, 3,400 ரூபாய் குடுக்கிறவர் ஒரே ஒரு எழுத்தைப் பார்த்திருக்கலாம். எல்லா ரீஜனும் ஓடுற ப்ளேயர் நண்பர் யார்கிட்டயாவது இருக்கான்னு கேளுங்க. இனிமே 4கே ப்ளேயர் வாங்குற எண்ணம் இருந்தா 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே கிடையாது, அதே பெட்டிக்குள்ள வர்ற ப்ளூரேக்கு இருக்கலாம்.

ஐரோப்பா டிவிடியில ‘க்ரீப்ஷோ’ 115 நிமிஷம்தான் வருது. 5 நிமிஷம் வெட்டிட்டாங்களா?

இல்ல. அங்க ‘PAL’ங்கிற டிவி முறையில நொடிக்கு 24 ஃப்ரேம் படத்த 25ஆ ஓட்டுவாங்க, 120 நிமிஷம் 115 ஆயிடும்.

‘ஒரிஜினல், சீல் பிரிக்காதது’ன்னு ஆன்லைன்ல 1,800 ரூபாய்க்கு டிவிடி வாங்கினேன். பிரிச்சா டிஸ்க்கோட அடிப்பக்கம் ஊதாவா இருக்கு, அட்டையில எழுத்து மங்கலா இருக்கு. பத்து நாளா பதில் இல்ல. அப்பாவோட பிறந்தநாளுக்கு வாங்கினதுங்க. (திருநெல்வேலி)

படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா, ‘ஒரிஜினல்’னு எழுதி வித்திருக்கான், நீங்க நம்பி வாங்கியிருக்கீங்க. எனக்கும் இது நடந்திருக்கு, ஒரு கடையில மூணு டிஸ்க் செட் வாங்கி வந்து வீட்டு ஜன்னல்கிட்ட வெயில்ல திருப்பிப் பிடிச்சப்போதான் அந்த ஊதா தெரிஞ்சுது, பில்லும் வாங்கல, அதனால போய்க் கேக்கவும் முடியல, ரொம்ப நாள் அது உறுத்திட்டே இருந்துச்சு. கம்பெனியில அச்சடிச்ச டிஸ்க் அடியில வெள்ளி நிறமா இல்லன்னா லேசா தங்க நிறமா இருக்கும், நடு ஓட்டையைச் சுத்தி பொடி எழுத்து, நம்பர், பார்கோடு பொறிச்சிருக்கும். கம்ப்யூட்டர்ல எழுதினதுதான் ஊதா அடிக்கும்.

உங்ககிட்ட ஆர்டர் விவரம் இருக்கே, அதுவே பில் மாதிரி. டிஸ்க்கோட அடிப்பக்கம், அட்டை, விற்பனைப் பக்கம் மூணையும் போட்டோ எடுத்து வைங்க, அவன் அந்தப் பக்கத்தை அழிக்கிறதுக்குள்ள. அந்தத் தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க: 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், போலியா இருந்தா பணம் தர மாட்டேன்னு விக்கிறவன் சொல்லவே கூடாது. நகரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், உங்க ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 1,800 தானேன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. என்ன ஆச்சுன்னு எனக்குக் கண்டிப்பா எழுதுங்க.

‘வால்ட் ஆஃப் ஹாரர்’ல சில இடத்துல படம் அப்படியே உறைஞ்சு நிக்குது. டிஸ்க் கோளாறா? (புதுச்சேரி)

கோளாறு இல்ல, சென்சார். இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். 1973ல ராய் வார்டு பேக்கர் எடுத்த படம், அஞ்சு பேர் ஒரு லிஃப்ட்ல ஏறி அடித்தளத்துல மாட்டிக்கிட்டு ஆளுக்கொரு கனவு சொல்வாங்க. அமெரிக்காவுல பிஜி சர்டிபிகேட்டுக்காக (பெத்தவங்க பார்த்து முடிவு பண்ணி பிள்ளைங்களையும் விடலாம்ங்கிற சர்டிபிகேட்) கோரமான ஷாட்டுகளை எடுத்துட்டு அந்த இடத்துல அசையாத படத்தை ஒட்டி ஒரு பிரதி விட்டாங்க, பின்னாடி டிவிடியா வந்ததும் அந்தப் பிரதிதான். நானும் அந்த டிவிடியதான் காசு குடுத்து வாங்கினேன், அட்டையில எங்கயுமே வெட்டினதுன்னு ஒரு வார்த்தை இல்ல. ரத்தம் பரிமாறுற ஹோட்டல் கதை இருக்குல்ல, அதுல அவன் தலைகீழாத் தொங்க கழுத்துல குழாய் மாட்டியிருக்கும், கதை மொத்தமும் அந்த ஒரு காட்சிக்காகத்தான் நடக்குது. ஈசி காமிக்ஸ்ல ஏழெட்டு பக்கம் மெதுவா ஏத்திக் கொண்டுவந்து கடைசிக் கட்டத்துல போட்டு உடைப்பாங்க, அந்தக் கட்டத்தைக் கிழிச்சிட்டு மீதியை முழு விலைக்கு விக்கிறது எந்த ஊர் நியாயம்? மாத்திரை அட்டையில என்ன மருந்து எவ்வளவுன்னு போடுறோம், படத்துக்கு மட்டும் எந்தப் பிரதின்னு போட மாட்டாங்களாம். எந்தப் பிரதி, எத்தனை நிமிஷம், எந்த ரீஜன், மூணும் அட்டையில கட்டாயம் இருக்கணும்னு நான் சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருப்பேன். வெட்டாத பிரதி வேணும்னா 2014ல ஸ்க்ரீம் ஃபேக்டரிங்கிற டிஸ்க் கம்பெனி ‘டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்’டோட சேர்த்துப் போட்ட ப்ளூரே செட்ல இருக்கு. ரீஜன் ஏ. சேலத்துக்காரரும் குறிச்சுக்கோங்க.

‘க்ரீப்ஷோ 3’ பார்த்து நொந்துட்டேன். பணம் திரும்பக் கேக்கலாமா?

கேக்க முடியாது. அதுல கிங்கும் இல்ல, ரொமேரோவும் இல்ல, பின்னட்டையில பேர் போட்டிருக்கும், படிங்க.

1950கள்ல வந்த ஈசி காமிக்ஸ் 4,000 ரூபாய்க்கு வருது. ஒரிஜினலா இருக்குமா சார்? (தஞ்சாவூர்)

அந்த விலைக்குன்னா முதல்ல சந்தேகப்படுங்க. 1954ல அமெரிக்க செனட் விசாரணை, அதுக்கப்புறம் காமிக்ஸ் கோடுன்னு பதிப்பாளர்களே போட்டுக்கிட்ட கட்டுப்பாடு வந்து அந்த ஹாரர் புத்தகங்களையே நிறுத்திட்டாங்க, அதனால அசல் பிரதி கம்மி, மறுபதிப்புதான் 1970கள்லயும் 90கள்லயும் நிறைய வந்துச்சு. அட்டையில 10 சென்ட் இருந்தா மட்டும் போதாது, அதையும் அப்படியே அச்சடிச்ச மறுபதிப்பு உண்டு. உள்பக்கத்துல பொடி எழுத்துல வருஷமும் பதிப்பாளர் பேரும் இருக்கும், அதோட போட்டோ கேளுங்க. தாள் வெள்ளையா வழவழன்னு இருந்தா அசல் இல்ல, அசல் நியூஸ்பிரிண்ட், ஓரம் பழுப்பேறியிருக்கும்.

அசல்தான்னு தெரிஞ்சாலும் ஒவ்வொரு பக்கமா புரட்டின வீடியோ வாங்குங்க. ‘க்ரீப்ஷோ’ முடியிற இடத்துல குப்பை அள்ள வர்ற ரெண்டு பேர் அந்தக் காமிக்ஸைப் புரட்டுவாங்க, வூடூ பொம்மை (செய்வினை பொம்மை) விளம்பரத்துல ஆர்டர் பண்ற கூப்பனை யாரோ ஏற்கனவே வெட்டி எடுத்திருப்பாங்க. அந்தக் காலத்துப் பிள்ளைங்க நிஜமாவே அப்படி வெட்டி அனுப்பினாங்க. வெட்டின பிரதிக்கு விலை பாதிகூட வராது, சில சமயம் கூப்பனோட பின்பக்கத்துல கதையோட ஒரு கட்டமும் சேர்ந்து போயிருக்கும்.