மாணவர்களைச் சொந்தமாக எழுத வைப்பது எப்படி?

ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பதாகவும், கட்டுரை கொடுத்தால் வகுப்பு முழுக்க ஒரே கட்டுரையையே எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நானும் அரசுப் பள்ளித் தமிழாசிரியைதான். பிள்ளைகளிடம் சொல்ல எதுவும் இல்லாமல் இல்லை. முன்னுரை, மரங்களின் பயன்கள், முடிவுரை என்று குறிப்புச் சட்டகத்தையும் கொடுத்து, ஒரே பீரியடில் அடித்தல் திருத்தல் இல்லாமல் கட்டுரை நோட்டில் எழுதச் சொல்கிறோம். நோட்ஸில் இருப்பதை இறக்கிவைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி ஏது?

முதல் தடவை எழுதுவதைத் திருத்தாதீர்கள். நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்.

இதற்கென்று ஒரு ரஃப் நோட்டு இருக்கட்டும். பத்து நிமிடம், பேனா நிற்கக் கூடாது. கரண்ட் போன ராத்திரி, பள்ளிக்கு வரும் வழி என்று தலைப்பு சின்னதாக இருக்கட்டும். பேசுகிற மாதிரியே எழுதலாம், பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். அமெரிக்காவில் எழுத்துக் கற்பித்த பேராசிரியர் டொனால்ட் மர்ரே 1972-லேயே, எழுத்தை முடிந்த பொருளாகப் பார்க்காமல் செயல்முறையாகக் கற்பிக்கச் சொன்னார். நிறுத்தாமல் எழுதும் இந்தப் பயிற்சியை இன்னொரு அமெரிக்கப் பேராசிரியரான பீட்டர் எல்போ பரப்பியதும் அதே காலத்தில்தான். நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, நோட்டில் எழுத வேண்டிய தமிழ் இன்னொன்று. யோசிப்பதும் அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதும் ஒரே நேரத்தில் என்றால் பெரியவர்களே திணறுவார்கள்.

என் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியது: “எங்க ஆடு செத்துப்போச்சு. அம்மா அழுதுச்சு. நான் ஸ்கூலுக்கு வந்துட்டேன்.” அவ்வளவுதான். யாருப்பா முதல்ல பார்த்தது, அப்போ குட்டி எங்கே இருந்தது என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டான். சரி, இப்போ சொன்னதையே எழுது என்றேன். அடுத்த பிரதியில், விடியற்காலையில் கொட்டகைக்குப் போன அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டதும், பசி தாங்காத குட்டி செத்த ஆட்டின் மடியை முட்டிக்கொண்டே இருந்ததும் வந்தன. மூன்றாவது பிரதியில்தான் எழுத்துத் தமிழுக்கு வந்தோம். “போயிருச்சுடா” என்று அம்மா சொன்னதை மட்டும் மேற்கோள் குறிக்குள் அப்படியே விட்டோம். பேச்சு வழக்கு எங்கே இருக்கலாம், எங்கே மாற்ற வேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான்.

ஒற்று, ல-ள-ழ எல்லாம் கடைசிப் பிரதியில் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை போதும். பக்கம் முழுக்கச் சிவப்பு மை பார்த்த பிள்ளை, அடுத்த முறை தனக்குப் பிழையில்லாமல் வரும் சொற்களை மட்டும் வைத்து நாலு வரியில் முடித்துவிடும்.

அப்புறம் உறவுமுறைக் கடிதம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு அப்பால் யாருக்கும் எதுவும் ஓடாது. உண்மையில் யாருக்கும் போகாத கடிதத்தில் என்னதான் எழுதுவார்கள்? அஞ்சலட்டை வாங்கிக் கொடுத்து, வெளியூரில் இருக்கும் பெரியம்மாவுக்கோ வேலைக்குப் போன அண்ணனுக்கோ நிஜமாகவே போடச் சொல்லுங்கள். முகவரி எழுதுவதைத் தனியாக நடத்தவே வேண்டாம். கடிதம் போய்ச் சேர வேண்டுமே என்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை அவர்களே வீட்டில் கேட்டு வருவார்கள்.

தேர்வில் மதிப்பெண் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். சொந்தமாக எழுதப் பழகியவர்களுக்குக் குறிப்புச் சட்டகத்தைத் தேர்வுக்குச் சில வாரம் முன்னால் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

இத்தனை நோட்டை எப்போது பார்ப்பது என்று தோன்றும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். முதல் பிரதியை இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டட்டும். கேட்பவர் குறை சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும். நீங்கள் தினம் ஐந்தாறு நோட்டை எடுத்து, மதிப்பெண் போடாமல், கீழே பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள்.