குழந்தையைக் கையில் வாங்கியதும் பாசம் பொங்கியதா? முதல் சில வாரங்கள் எப்படிப் போயின?

பொங்கவில்லை. எனக்கு முதலில் தோன்றியது பசி.

பதினேழு மணி நேர வலிக்குப் பிறகு அவளை என் நெஞ்சின் மேல் கிடத்தினார்கள். உடம்பெல்லாம் மெழுகு பூசியது போல வெள்ளைப் படலம். நான் நினைத்திருந்ததைவிடச் சூடாக இருந்தாள். தலை சற்றே நீண்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. வெளியே வரும் வழியில் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்து கொடுப்பதால் அப்படி இருக்கும், சில நாளில் சரியாகிவிடும் என்றார் நர்ஸ். நான் அழுவேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். கண்ணீர் வரவில்லை. 'யார் நீ?' என்பது போல நான் பார்க்க, அவளும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தாள்.

இதற்குள் அவள் இரண்டு தேர்வு எழுதி முடித்திருந்தாள். பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் நிறம், நாடித்துடிப்பு, அனிச்சைச் செயல், தசையின் விறைப்பு, மூச்சு ஆகியவற்றைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 1952இல் வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்கவியல் மருத்துவர் வகுத்த முறை இது. அவளுக்கு எட்டும் ஒன்பதும். பக்கத்திலேயே எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் மதிப்பிடவில்லை.

வலியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. வலிக்கும், முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் நாட்களைத்தான் யாரும் என்னிடம் சரியாகச் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாக வந்தது சீம்பால். அந்த வயிற்றுக்கு அதுவே போதும் என்று படித்திருந்தேன். நள்ளிரவில் அவள் வீறிடும்போது படித்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் எடை பார்த்தார்கள். பிறந்தபோது 3.1 கிலோ, இப்போது 2.86. என் கண்ணெதிரே பிள்ளை கரைகிறாள் என்று இடிந்துபோனேன். முதல் நாட்களில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் குறைவது இயல்பு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும் என்று மருத்துவர் சொன்னார். இதைப் பிரசவத்துக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் ஓர் இரவு அழுகை மிச்சமாகியிருக்கும். ஆகவே உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்று இரவே பால் சுரந்தது. சுரந்தது என்பது நாகரிகமான சொல். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கினாலே வலித்தது. காம்பு தட்டையாகிவிட்டதால் அவளால் பற்ற முடியவில்லை; அவளுக்கு ஆத்திரம், எனக்கு வியர்வை. கொஞ்சம் பாலைக் கையால் பீச்சிவிட்டு, கறுப்பு வட்டம் நெகிழ்ந்த பிறகு கொடுக்கச் சொன்னார்கள். காம்பை மட்டும் அல்ல, அந்த வட்டத்தையும் சேர்த்து அவள் வாய் நிறையக் கவ்வ வேண்டும். இந்த ஒரு விஷயம் கைவர எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை ஒவ்வொரு முறையும் அவள் வாய் வைக்கும்போது கால் விரல்களை மடக்கிக்கொள்வேன்.

நாலாம் நாள் குழந்தையின் சாக்ஸ் ஒன்று காணவில்லை என்று முக்கால் மணி நேரம் அழுதேன். அது அவள் காலிலேயே இருந்தது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் ஹார்மோன்கள் சடாரென்று இறங்குவதும், தூக்கமில்லாததும் சேர்ந்து செய்கிற வேலை இது. பிரசவித்தவர்களில் பெரும்பாலோர் இதைக் கடந்துதான் வருகிறார்கள். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் துயரம் விடவில்லை என்றால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால், அது வேறு. அதற்குச் சிகிச்சை உண்டு. கடைசியாகச் சொன்ன எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 'எல்லாருக்கும் இப்படித்தான்' என்று ஆறுதல் சொல்கிறவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

அந்த நாட்களில் நான் பிடித்துத் தொங்கிய கயிறு ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை மணிக்கு, இடமா வலமா, சிறுநீர், மலம் என்று நாலு கட்டம். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால். மலம் முதலில் தார் போலக் கறுப்பு, பிறகு பச்சை, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்து நான் அடைந்த ஆனந்தத்தைச் சபையில் சொல்ல முடியாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகையை வைத்துக் கணக்குப் போட்டால் பைத்தியம் பிடித்துவிடும். பசித்தாலும் அழுவாள், பசியில்லாவிட்டாலும் அழுவாள். துணிக் கணக்கு ஏமாற்றாது.

பாசம் எப்போது வந்தது என்று கேட்டால், தேதி சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை, ஏப்பத்துக்காகத் தோளில் சாய்த்து வைத்திருந்தேன். உச்சிக்குழி என் கன்னத்தில் பட்டு மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. அவளைத் தொட்டிலில் விடலாம், நான் தூங்கலாம். விடவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவாக இருக்கலாம். ஏழாம் வாரம் வந்த முதல் சிரிப்பு எனக்கல்ல, ஜன்னல் திரைச்சீலைக்கு. அதற்கெல்லாம் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

அந்த நோட்டில் பதினொன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். நான் போட்ட நாலு கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஐந்தாவதாக ஒரு கட்டம், என் கணவரின் கையெழுத்தில். ஒன்றரை. ஒன்று. இரண்டே கால். முக்கால். குழந்தையின் கணக்கு எதனோடும் பொருந்தவில்லை. 'இது என்ன?' என்று கேட்டேன். 'நீ தூங்கின நேரம். டாக்டர் கேட்டால் சொல்லத்தான்' என்றார்.

மறுநாள் சோதனைக்குப் போனபோது மருத்துவர் கேட்கத்தான் செய்தார். 'ஓரளவு தூங்குகிறேன்' என்று நான் ஆரம்பிப்பதற்குள் இவர் நோட்டைப் பிரித்து நீட்டிவிட்டார். அன்று முதல் இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை குழந்தை அவர் பொறுப்பு. பசிக்கு அழுதால் மட்டும் என் பக்கத்தில் கொண்டுவந்து போடுவார், குடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஐந்தாவது கட்டத்தில் முதல் முறையாக 'நாலு' என்று எழுதியிருந்த பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன்.