குசினியை மாற்றலாம், சீமெந்தை மட்டும் பூசாதீர்கள்

கேள்வி: கனடாவில் மார்க்கம் நகர்ப் பக்கம் 1880களில் கட்டிய ஒன்றரை மாடிச் செங்கல் வீடு எங்களுடையது. சுற்றியுள்ள பழைய வீடுகளை வாங்கி இடிக்கிறார்கள். எங்களுக்குப் பிறகும் இது நிற்கவேண்டும். ஆனால் பாரம்பரியச் சொத்தாக்கினால் குசினியைக்கூட மாற்ற முடியாது என்கிறார்களே? வெளிச்சுவரில் செங்கல் வேறு உதிர்கிறது.

பதில்: குசினிப் பயத்தை விடுங்கள். ஒன்ராறியோ பாரம்பரியச் சட்டத்தின் 4ஆம் பகுதிப்படி நகரசபை ஒரு வீட்டைப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கும்போது, அந்த வீட்டுக்கென்றே ஒரு துணைச்சட்டம் போடுகிறது, எந்தெந்த அம்சங்கள் காக்கப்படவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அவற்றைப் பாதிக்கிற வேலைக்குத்தான் இந்தச் சட்டத்தின் கீழ் சபையின் ஒப்புதல் வேண்டும். வீட்டின் உட்புறம் அதில் இல்லையென்றால் குசினி உங்கள் விருப்பம், வழக்கமான கட்டட அனுமதி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் துணைச்சட்ட வரைவு கைக்கு வந்ததும் வரிவரியாக வாசியுங்கள்.

நகரசபையின் பாரம்பரியப் பதிவேட்டில் வீடு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அறிவிக்கப்படாமல் பதிவேட்டில் மட்டும் இருக்கும் வீட்டை இடிக்க 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் சரி, அந்த 60 நாளுக்குள் சபை முழித்துக்கொள்ளவேண்டும். முறையாக அறிவிக்கப்பட்ட வீடென்றால் இடிப்பதையே சபை மறுக்கலாம், 2005 திருத்தம் கொடுத்த அதிகாரம் அது. வீட்டை நாளைக்கு யார் வாங்கினாலும் இந்தக் கட்டுப்பாடு அவர்களோடும் போகும், நீங்கள் கேட்பதும் அதுதானே?

நகரசபையின் பாரம்பரியத் திட்டமிடல் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பழைய வீடு என்பது மட்டும் காரணமாகாது, இந்தச் சட்டத்தின் கீழுள்ள விதியின் 9 அளவுகோல்களில் குறைந்தது 2 பொருந்தவேண்டும். பழைய உறுதிகள், படங்கள், கட்டியவர் யார் என்ற விவரம், முன்முகப்பில் கூரைக்குக் கீழுள்ள முக்கோணச் சுவர், மூலைகளில் மஞ்சள் செங்கல் இருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

இனி உதிர்கிற செங்கல். சட்டத்தைவிட இதுதான் எனக்குக் கவலை. அந்தக் காலச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, சுவருக்குள் போன ஈரம் அந்தச் சாந்து வழியாகத்தான் வெளியே வரும். பிறகு யாரோ புண்ணியவான் இடுக்குகளைச் சீமெந்தால் அடைத்திருப்பார், ஈரம் செங்கலுக்குள்ளேயே நின்று, குளிரில் உறைந்து விரிந்து, முகத்தை உரித்துவிடும். முதலில் பீலி, அதிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கோடைகாலத்தில் சீமெந்தைக் கைஉளியால் பொறுமையாக எடுத்து, பழையதற்குப் பொருந்தும் சுண்ணாம்புச் சாந்தை வைக்கவேண்டும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யவே கூடாது, சூளையில் இறுகிய மேல்தோல் போய்விடும். நீர்த்தடுப்புப் பூச்சும் வேண்டாம்.

விலை சொல்ல வருகிற மேசனிடம் சாந்தில் என்ன கலப்பார் என்று கேளுங்கள். "நல்ல பலமான சீமெந்து" என்று தொடங்கினால் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.